சிசியில் போன பெரியப்பா

"இதுவும் ஸ்பேமுக்குத்தான் சார் போயிருக்கு," என்றான் சஜின்.

முதலாளி ஞானசிங் தட்டிலிருந்து ஒரு ஏத்தங்காய் சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போய்ச் சேர்ந்துச்சா இல்லியா? அதச் சொல்லு."

"சேர்ந்துச்சு சார். ஆனா குப்பையில சேர்ந்துச்சு."

"சேர்ந்தா போரும் மக்கா. அவனவனுக்க பெட்டிக்குள்ள எங்க கெடந்தா நமக்கென்ன?"

சஜின் பல்லைக் கடித்துக்கொண்டான். படித்துப் படித்துச் சொல்லியும் இந்த மனிதருக்கு ஸ்பேம் என்றால் என்னவென்று விளங்கவில்லையே என்று அவனுக்கு ஆயாசமாக வந்தது. குப்பையில் விழுந்த மெயிலை யார் பார்ப்பார்கள்? யாரும் பார்க்காத மெயிலை அனுப்புவதற்கா இந்தப் பாடு?

களியக்காவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது ஞானம் சிப்ஸ். கீழே தேங்காய் எண்ணெய் கொதிக்கும் அடுப்புகள், மாடியில் ஆபீஸ். அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் என்ற பெயரில் எது இருந்தாலும் அது சஜினின் பொறுப்பு. பிரிண்டர் அடைத்துக்கொண்டாலும் சஜின், கேமரா மங்கினாலும் சஜின், முதலாளியின் மனைவி ரோஸ்லெட் அம்மாவின் போனில் வாட்ஸ்அப் காணாமல் போனாலும் சஜின். எல்லாம் செய்தாலும் ஆள் இன்னும் தற்காலிகம்தான்.

அந்தத் தற்காலிகம்தான் அவன் கழுத்தில் கிடந்த கல். கொட்டாரம் ஊரில் உரக்கடை வைத்திருக்கும் ஆதிராவின் அப்பா, சஜின் பெண் கேட்டுப் போனபோது காப்பி கொடுத்து, மரியாதையாக உட்காரவைத்து, ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "வேல பெர்மனென்ட் ஆவட்டும் பிள்ளே, பொறவு பேசலாம்."

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மகள் ரெஜிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதலாளி சஜினைக் கூப்பிட்டு, கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வேண்டும், அதில் முதல் காரியமாகக் கல்யாண அழைப்பு போக வேண்டும் என்றார்.

"சர்வர் எதுக்கு சார்? சும்மா ஒரு மெயில் ஐடி போதுமே?"

"போராது. விளிக்கலன்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்லப்பிடாது. விளிச்சேன்கிறதுக்குத் தெளிவு, அத்தாட்சி, நம்ம கூரைக்குள்ளயே கெடக்கணும். எங்க குடும்பத்துல, கல்யாணத்துக்கு விளிக்கலன்னு பிணங்குனவரு ஒருத்தரு சாவுற வர ஒரு வார்த்த மிண்டல்ல. அவருக்க அடக்கத்துல வச்சும் அதப் பத்தித்தான் பேச்சு." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இத மட்டும் நல்லபடியா முடிச்சுக் காட்டு. கல்யாணம் களிஞ்ச மறுநாள் உனக்கு பெர்மனென்ட் ஆர்டர்."

அன்றிலிருந்து சஜினுக்குச் சோறும் தண்ணீரும் இரண்டாம்பட்சம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, முதலாளி அறைக்குப் பக்கத்து அறையில் வைத்து, சர்வரை எழுப்பிவிட்டான். எழுந்ததுதான் மிச்சம். அது அனுப்பிய மெயிலை உலகத்தில் ஒரு சர்வரும் நம்பவில்லை. முன்பின் தெரியாதவன் வாசலில் வந்து நின்றால் 'நீ யாரு, எந்த ஊரு, யாருக்க மவன்' என்று கேட்கிறோம் அல்லவா, அதே விசாரணைதான். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் ஸ்பேமில் உட்கார் என்று விரலைக் காட்டிவிடும்.

சஜின் விடவில்லை. இந்த முகவரியிலிருந்து மெயில் அனுப்ப இந்த மெஷினுக்கு உரிமை உண்டு என்று டொமைன் பதிவில் ஒரு வரி சேர்த்தான். ஒவ்வொரு மெயிலிலும் கம்பெனியின் கையெழுத்து விழும்படி சாவி ஒன்று செய்தான். இன்டர்நெட் கொடுப்பவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, சர்வரின் எண்ணைக் கேட்டால் கம்பெனியின் பெயரைச் சொல்லும்படி எழுத வைத்தான். அடுத்த சோதனை மெயில் அவனுடைய சொந்த இன்பாக்ஸில் வந்து ஜம்மென்று உட்கார்ந்தது.

முதலாளியிடம் அந்த மெயிலின் ஹெட்டரைத் திறந்து காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னவாக்கும் இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"மெயிலுக்க ஜாதகம் சார். இந்த ஃப்ரம் வரியில யாரு பேர வேணும்னாலும் எழுதிக்கிடலாம், அத நம்பப்பிடாது. ஆனா இந்த ரிசீவ்டு வரி இருக்குல்லா, அது வழியில ஒவ்வொரு சர்வரும் போடுற சீல். கீழ இருந்து மேல படிக்கணும். நம்ம ஆபீஸ்ல கிளம்புன நேரம் கீழ. அங்க சேர்ந்த நேரம் மேல."

"அப்போ நம்ம செக்போஸ்ட் மாதிரி?"

"அதேதான் சார். அதுபோக, அங்க வாங்கிக்கிட்டாவன்னு நம்ம சர்வரும் எழுதி வச்சிக்கிடும்."

முதலாளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மக்கா, எனக்கு வேண்டியது இதாக்கும்!" என்றவர், ஏதோ நினைவு வந்தவராக, "இன்பாக்ஸுக்கே போயிருமா? எல்லாரும் பாப்பாவளா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா பாப்பாவ சார்."

"ம்," என்றார் முதலாளி. அந்த 'ம்'மை சஜின் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் முதலாளி நாற்பது உறவினர்களின் முகவரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மற்ற எல்லாருக்கும் அவரும் ரோஸ்லெட் அம்மாவும் காரில் போய் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாற்பது பேருக்கு மெயில் போதுமாம். பார்த்தால் மஸ்கட் அத்தான் இருந்தார், சரி. நெய்யாற்றின்கரை அத்தை இருந்தார். குழித்துறைப் பெரியப்பாவும் இருந்தார்.

"குழித்துறை இங்க பக்கத்துலதானே சார்?"

"காலம் மாறிப்போச்சுல்லா மக்கா," என்றார் முதலாளி.

இந்த வயதிலும் எவ்வளவு முற்போக்கு என்று சஜின் வியந்துபோனான்.

கடிதம் என்றால் ஒருவருக்கு எழுதி, மற்றவர்களுக்கு நகல் வைப்பது ஆபீஸ் வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஆங்கில அகரவரிசைப்படி முதலில் நின்ற ஆன்ஸ்லின் என்ற பொடியனை, முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பியை, 'டூ'வில் போட்டான். மீதி முப்பத்தொன்பது பேரையும் 'சிசி'யில் வரிசையாக இறக்கினான். கல்யாண வேலையில் இருக்கும் முதலாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று, பதில்கள் தனக்கே வரும்படி 'ரிப்ளை டூ'வில் தன் முகவரியையும், அடியில் தன் போன் எண்ணையும் சேர்த்தான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. ஆழம் தெரியாமல் காலை விட்டான்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

"ஏலே, ஞானசிங்குக்க ஆபீஸா? நான் குழித்துறையில இருந்து, அவனுக்க பெரியப்பா."

"சொல்லுங்க ஐயா. நான் சஜின்."

"பேரன் எனக்கு மெயில வாசிச்சுக் காட்டுனான். மேல ஆன்ஸ்லினுக்க பேரு கெடக்கு. நேத்து முளைச்ச பய. எனக்க பேரு கீள, சிசின்னு போட்டுக் கெடக்கு. சிசின்னா என்னவாக்கும்?"

"காப்பின்னு அர்த்தம் ஐயா."

"ஓ! அவனுக்கு ஒரிஜினல், எனக்கு ஜெராக்ஸ்!"

"ஐயா, அப்படி இல்ல, எல்லாருக்கும் ஒரே மெயில்தான்…"

"அந்த ஒரிஜினல்காரன வச்சே கல்யாணத்த நடத்தச் சொல்லு. நான் வரமாட்டேன்."

போனை வைத்த கையோடு நெய்யாற்றின்கரை அத்தை. அதற்கடுத்து இன்னொருவர். சிசி என்பது அந்தக் குடும்பத்தில் இரண்டாம் பந்தி என்று ஒரே மணி நேரத்தில் தீர்மானமாகிவிட்டது. சஜின் முதலாளியிடம் போனான்.

"குழித்துறைப் பெரியப்பா பிணங்கிட்டாரு சார். வரமாட்டாராம்."

"அப்படியா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொம்ப கோவமா, வெப்ராளமா?"

"ரொம்ப சார். அத்தையும் பிணங்கிட்டாவ."

"அத்தையுமா! சே, பாவம்." முதலாளி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். "என்ன செய்ய மக்கா. விட்டுரு."

உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிக்கிற மனிதர் என்று சஜினுக்கு நெஞ்சு உருகிவிட்டது. விடுவதா? இவ்வளவு பெருந்தன்மையான மனிதரின் குடும்பத்தைத் தன் கையால் பிரித்துவிட்டு, எந்த முகத்தோடு பெர்மனென்ட் கேட்பது?

ஆன்ஸ்லினுக்கு போன் போட்டு, குடும்பத்தில் யார் மூப்பு, யார் இளையது என்று விசாரித்தான். பிறகு வயது வரிசைப்படி நாற்பது பேரையும் 'டூ'விலேயே போட்டு, தவறுக்கு வருந்துகிறோம் என்று மறுபடி அனுப்பினான். திட்டு வாங்கி அலுத்துப் போயிருந்ததால் புத்திசாலித்தனமாக இன்னொன்றும் செய்தான். 'குடும்பம்' என்று ஒரு பொது முகவரி உண்டாக்கி, அதில் நாற்பது பேரையும் சேர்த்து, 'ரிப்ளை டூ'வில் அந்த முகவரியை வைத்தான். இனி பதில்கள் தன் தலையில் விழாது அல்லவா?

விழவில்லை. எல்லாருடைய தலையிலும் விழுந்தது.

நெய்யாற்றின்கரை அத்தை, ஞானசிங்குக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, 'எனக்க பேருக்கு மேல எதுக்கு குழித்துறைக்காரன்? அவன் எல்லையில நின்ன எங்க அயனி மரத்த முறிச்சு வித்தவன்' என்று எழுதினார். அது நாற்பது பேருக்கும் போனது. குழித்துறைப் பெரியப்பாவின் பேரன், அத்தை குடும்பம் எந்தெந்தச் சாவுக்கெல்லாம் வரவில்லை என்று வருஷவாரியாகப் பதில் போட்டான். அதுவும் நாற்பது பேருக்கும் போனது. ஆன்ஸ்லின் நடுவில் புகுந்து, 'பெரியவங்க பொறுமையா இருக்கணும்' என்றான். அதன் பிறகு பெரியவர்கள் இருதரப்பும் சேர்ந்து ஆன்ஸ்லினை ஏசினார்கள்.

இதற்கிடையில் மஸ்கட் அத்தான் விடுப்பில் இருந்தார். அவருடைய மெயில் பெட்டி, 'நான் லீவில் இருக்கிறேன், வந்து பதில் தருகிறேன்' என்று தானாகவே பதில் போட்டது. அந்தப் பதில் 'குடும்பம்' முகவரிக்கு வந்து, அங்கிருந்து நாற்பது பேருக்கும் போனது. நாற்பதில் அத்தானும் ஒருவர். தனக்கு வந்த அந்த மெயிலுக்கும் அவருடைய பெட்டி லீவு சொன்னது. அதற்கும் லீவு. அதற்கும் லீவு. சர்வர் மூச்சு வாங்கியது. அடுத்த அறையில் மின்விசிறியின் இரைச்சல் அடுப்புச் சத்தத்தையும் மிஞ்சியது. சஜின் ஓடிப்போய் 'குடும்பம்' முகவரியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் அத்தானின் லீவு முடிந்தது.

ஆதிரா போன் செய்தாள். "என்ன ஆச்சு? ஆர்டர் விசயமா ஏதாவது சொன்னாவளா?"

"பொறவு விளிக்கேன் ஆதிரா. குடும்பம் வெடிச்சுப்போச்சு."

"யாருக்க குடும்பம்?"

"இப்போதைக்கு முதலாளிக்க குடும்பம்," என்று வைத்துவிட்டான்.

முதலாளி தாமே சஜினின் மேஜைக்கு வந்தார். "எத்தன பேரு பிணங்கியிருக்காவ?"

"பாதிக்கு மேல சார்."

"மிச்சம் பேரு?" என்று முதலாளி கவலையோடு கேட்டார்.

அந்தக் கவலையைத் தாங்க முடியாமல் சஜின், "மிச்சம் பேரையாவது காப்பாத்திருவேன் சார்!" என்று சபதம் செய்தான். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோஸ்லெட் அம்மா கீழே காரில் ஹாரன் அடிக்கச் சொல்லவும், அட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பெயர் தெரிந்தால்தானே சண்டை? யாருக்கும் யார் பெயரும் தெரியாமல் அனுப்பினால் என்ன? சஜின் நாற்பது பேரையும் 'பிசிசி'யில் போட்டான். 'டூ' வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில், பெறுநர்கள் பெயர் வெளியிடப்படவில்லை என்று ஒரு ஆங்கில வரி மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஆனது. முதலில் அத்தைதான் விளித்தார்.

"ஏலே சஜினே, இதென்னது? பேரு வெளியில சொல்லாதவங்கன்னு எழுதியிருக்கு? எங்கள வெளியில சொல்லிக்கிடக்கூட ஞானசிங்குக்கு வெக்கமா?"

"அத்தே, அது மெஷின் எழுதுறது…"

"மெஷினுக்கு எங்க குடும்பத்தப் பத்தி என்ன தெரியும்?"

குழித்துறைப் பெரியப்பா சுருக்கமாக முடித்தார். "நோட்டீசு பேருபோடாமதான் விடுவாவ. நான் ரோட்டுல போறவன் இல்ல." அதுவரை வாய் திறக்காதிருந்த சாதுக்கள்கூட, தங்கள் பெயரே இல்லாத அழைப்புக்கு வரமுடியாது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டார்கள்.

சஜின் முதலாளி அறைக்குள் நுழைந்து கதவோரமே நின்றான்.

"சார்… நாப்பது பேரும் வரமாட்டாவளாம்."

"நாப்பதுமா? ஒருத்தர்கூட மிச்சமில்லியா?"

"இல்ல சார்."

முதலாளி எழுந்து வந்தார். சஜினின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "மக்கா! உன்ன மாதிரி ஒருத்தன் இந்த ஜில்லாவுல உண்டுமா? கல்யாணம் வர எதுக்குக் காத்துக் கெடக்கணும்? நாளைக்குக் காலத்த வா. உனக்க பெர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கும்." பிறகு கணக்குப் பார்க்கும் பிரீனாவைக் கூப்பிட்டு, சஜினுக்கு டீயும் பழம்பொரியும் வாங்கி வரச் சொன்னார்.

சஜின் அந்தப் பழம்பொரியைத் தொடவே இல்லை. மனிதர் திட்டியிருந்தால் தேவலை, ஒரு அறை கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பான். இப்படி வாழைப்பழத்தில் ஊசியேற்றுகிறாரே!

"சாரு ரெண்டு கையையும் பிடிச்சாரா?" என்றாள் பிரீனா.

"ஆமா."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"தீந்தது," என்றாள் அவள். "போன மாசம் தேங்காய்க்காரனையும் சிரிச்சுக்கிட்டேதான் அனுப்புனாரு."

சஜின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கொட்டாரத்து உரக்கடை கண் முன்னே வந்தது. காப்பி டம்ளரும், ஆதிராவின் அப்பாவும், 'பொறவு பேசலாம்' என்ற அந்தக் குரலும் வந்தன. அழுகை வருவதுபோல் இருந்தது. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. போவதற்குள் செய்த பாவத்தைக் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவன் எழுதியது வெறும் மெயில் அல்ல. நாற்பது பேருக்கும் நாற்பது தனி மெயில். 'டூ'வில் அவரவர் பெயர் மட்டும். சிசி இல்லை, பிசிசி இல்லை. 'ஃப்ரம்'மில் ஞானசிங்கின் முழுப்பெயர். முன்பு நேர்ந்ததெல்லாம் மெஷினின் கோளாறு என்று மன்னிப்பு. அதன் பிறகு, 'நம் குடும்பத்தில் எனக்குத் தாங்கள்தான் முக்கியம். தாங்கள் முன்னால் நின்று நடத்தாவிட்டால் ரெஜிஷாவின் கல்யாணம் கல்யாணமாகவே இருக்காது. தங்களுக்கு முதல் வரிசை நாற்காலி. மேடையில் தாங்கள்தான் வாழ்த்திப் பேச வேண்டும். குடும்பத்தோடு முந்தின நாளே வந்துவிட வேண்டும்.' நாற்பது பேருக்கும் அதே முதல் வரிசை, அதே மேடை. கல்யாணத்தன்று என்ன ஆகும் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஒரு மெயில்கூட ஸ்பேமுக்குப் போகவில்லை. நம் சஜின் செய்த சர்வர் ஆயிற்றே!

காலையில் வந்து பெட்டியைத் திறந்தவன் கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பதில்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவன்போல முதலாளி அறைக்கு ஓடினான். முதலாளி அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, கம்பெனி முத்திரை போட்ட ஒரு கவரை மேஜையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இந்தா மக்கா, பிடி."

"பொறுங்க சார்! அதக் குடுக்கதுக்கு முன்ன நான் சொல்லுறத ஒருக்கா கேளுங்க!" சஜினுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் வாறாவ சார்!"

"யாரு?"

"நாப்பது பேரும் சார்! நான் தனித்தனியா, நீங்க எழுதுன மாதிரி எழுதிட்டேன். குழித்துறைப் பெரியப்பா மெயிலக் கேட்டுட்டு அழுதுட்டாராம். முந்தின நாளே குடும்பத்தோட வாறாரு. அத்தை அவருக்கு முன்ன வந்து நிக்கணும்னு அதுக்கும் முந்தின நாளே வாறாவளாம். மஸ்கட் அத்தான் லீவ நீட்டிட்டாரு!"

நீட்டிய கவர் அந்தரத்தில் நின்றது.

"எல்லாருமா?" முதலாளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒருத்தர்கூட… மிச்சமில்லியா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்! அவங்கவங்க சம்பந்திக்காரங்களையும் கூட்டிட்டு வாறாவ!"

முதலாளி நாற்காலியில் மெல்ல இறங்கினார். கவர் மேஜையின் இழுப்பறைக்குள் போனது. இழுப்பறை மூடியது. சஜின் ஒன்றும் புரியாமல் இழுப்பறையையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனந்த அதிர்ச்சி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை.

மீதி அட்டைகளோடு மாடியேறி வந்த ரோஸ்லெட் அம்மா, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. புருஷன் வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் அவர்தான் சஜினைப் பார்த்துச் சொன்னார்:

"அட பாவி மக்கா, வீடேறிப் போய் விளிச்சா வந்து கல்யாணத்தக் கலக்கிருவாவ, பிணங்கி வீட்டுலயே இருக்கட்டும்னுதானே, இந்த நாப்பது பேர மட்டும் இவரு மெயில்ல விளிக்கச் சொன்னது!"